ஒரு மாதம், 80 படைப்புகள்: எந்தச் சுவரில் மாட்டுவது?

திருகோணமலை நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஓவியம் வரைபவர்கள், சிற்பம் செய்பவர்கள், ஒளிப்படம் எடுப்பவர்கள் என 20 பேரளவில் கூடி, உள்ளூர்க் கலைஞர்களுக்கென்று ஒரு முழு மாதத்தை ஒதுக்குவதென முடிவு செய்துவிட்டோம். படைப்புகளை எங்கே வைப்பது என்பதில்தான் இன்னும் இணக்கம் ஏற்படவில்லை. ஆளுக்கு 4 என்று கொண்டால் 80 படைப்புகள் சேரும். மண்டபம் ஒன்றை எடுப்போம் என்கிறார்கள் மூத்தவர்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் கோட்டைப் பாதையோரமே சிறந்தது என்கிறார்கள் வேறு சிலர். விற்பனையை நினைப்பவர்கள் உப்புவெளிக் கடற்கரை விடுதிகளைக் காட்டுகிறார்கள். நகரத்துக் கடைகளின் சுவர்களைக் கேட்டு வாங்கலாம் என்பது நான்காவது யோசனை. சித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், நேரமுள்ளவன் என்ற காரணத்தால், இந்த நான்கையும் ஒப்பிட்டு எழுதித் தரும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. எனக்கும் ஒரு சாய்வு இருக்கிறது. அதை மறைக்காமலே எழுதுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். எத்தனை பேர் பார்ப்பார்கள் என்பதையே எல்லோரும் அளவுகோலாகக் கொள்கிறார்கள். மூன்று நாள் கண்காட்சிக்கு அது பொருந்தும். கொழும்பில் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை ஓரத்தில் 1993 முதல் நடந்துவரும் கலா பொல என்னும் திறந்தவெளிச் சந்தையை எடுத்துக்கொண்டால், அதன் பலம் முழுவதும் ஒரே நாளில் திரளும் கூட்டத்திலும், தன் படத்துக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் ஓவியரிடம் நேரே பேசி வாங்கக் கூடிய வசதியிலும் இருக்கிறது. ஒரு நாளில் முடிகிற வேலையை ஒரு மாதத்துக்கு நீட்டினால் கூட்டம் பெருகாது, நீர்த்துத்தான் போகும். அப்படியானால் ஒரு மாதத்தினால் கிடைக்கும் தனிப் பயன் என்ன? ஒரே ஆள் ஒரே படத்தை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பார்க்கலாம் என்பதே. முதல் முறை பார்க்கும்போது அது என்ன படம் என்பது மட்டும் தெரியும். இரண்டாம் முறை வரும்போதுதான் ஓவியர் எதை விட்டுவிட்டார், நிழல் ஏன் அந்தப் பக்கம் விழுகிறது என்றெல்லாம் கண் கேட்கத் தொடங்கும். ஆகவே ஒவ்வோர் இடத்தையும், அங்கே எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்பதோடு நில்லாமல், வந்தவரே திரும்ப வருவாரா என்று கேட்டே எடைபோட்டிருக்கிறேன்.

மண்டபத்திலிருந்து தொடங்கலாம். நகர மண்டபமோ பாடசாலை மண்டபமோ கிடைத்தால், கலைஞர்களுக்கு ஒரு மதிப்பு உண்டாகும். மங்கல விளக்கேற்றலாம், அதிதிகளை அழைக்கலாம், பெற்றோர் பிள்ளைகளோடு வந்து ஒளிப்படம் எடுத்துக்கொள்வார்கள். ஓர் ஓவியரின் நான்கு படங்களையும் ஒரே இடத்தில் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வாய்ப்பும் மண்டபத்தில்தான் உண்டு. இவையெல்லாம் சிறிய நன்மைகள் அல்ல. ஆனால் கணக்குப் பார்த்தால் இடிக்கிறது. சராசரியாக ஒரு படம் 60 சென்ரிமீற்றர் அகலம், பக்கத்துப் படத்துக்கு 40 சென்ரிமீற்றர் இடைவெளி என்று வைத்தால், 80 படைப்புகளுக்கு 80 மீற்றர் சுவர் வேண்டும். 20 மீற்றர் நீளமும் 12 மீற்றர் அகலமும் உள்ள மண்டபத்தின் நாற்புறச் சுவரும் சேர்ந்தே 64 மீற்றர்தான்; நம் ஊர் மண்டபங்கள் காற்றுக்காகக் கட்டப்பட்டவை என்பதால் அதில் பாதி, கதவுகளுக்கும் யன்னல்களுக்கும் மேடைக்கும் போய்விடும். மிஞ்சுவது 32 மீற்றர். பலகைத் தடுப்புகள் செய்தால் சமாளிக்கலாம், ஆனால் அவற்றைச் செய்யும் செலவு மண்டப வாடகையோடு வந்து சேரும். அதோடு, ஒரு மாதம் முழுவதும் திருமணத்துக்கும் கூட்டத்துக்கும் விடாமல் மண்டபத்தை நமக்கே தருவார்களா என்ற கேள்வியும் இருக்கிறது.

அதைவிடப் பெரிய குறை நான்காம் நாளுக்குப் பிறகு தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் இந்த நகரத்தின் ஒரு மண்டபத்தில், மார்கழியில், பத்து நாட்களுக்கு நீர்வண்ண ஓவியங்களை மாட்டியிருந்தோம். முதல் நாள் கால் வைக்க இடமில்லை. ஐந்தாம் நாள் வருகைப் பதிவேட்டில் மூன்று கையெழுத்துகள் இருந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது. அந்தக் கிழமை முழுவதும் மழை. யன்னலைத் திறந்தால் தூவானம், மூடினால் புழுக்கம். ஏழாம் நாள் பார்த்தபோது கண்ணாடிக்குள்ளேயே தாள் அலையலையாக உப்பியிருந்தது. பின்புறம் இரும்பு ஆணி பட்ட இடத்தில் துரு இறங்கி, ஒரு படத்தின் மேல் மூலையில், சரியாக வானத்தின் நடுவில், தேயிலைச் சாயம் போல ஒரு கறை பரவியிருந்தது. வரைந்தவர் அதைக் கழற்றி எடுத்துப்போனார். என்னோடு சில மாதம் பேசவில்லை. இரும்பு ஆணி வாங்கியவன் நான்தான்.

அடுத்தது கோட்டைப் பாதை. இந்த யோசனையைச் சொன்னவர்களின் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது. 1620களில் போர்த்துக்கீசர் ஆலயத்தை இடித்துக் கட்டத் தொடங்கி, 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, 1795இல் ஆங்கிலேயர் வசமான கோட்டை. அதன் வாயிலைக் கடந்து, ஆலமர நிழலில் மேடேறி, சுவாமி மலையின் உச்சியில் கோணேசரைத் தரிசிக்க நாள்தோறும் மக்கள் நடந்து போகிறார்கள். இந்த மாவட்டத்தில் இதைவிட அழகான ஒரு நடைபாதை எனக்குத் தெரிந்து இல்லை. அந்த நடையோரத்தில் படங்களை நிறுத்தினால் பார்ப்பவர் தொகைக்குக் குறைவே இராது.

ஆனால் பார்ப்பவர் யார் என்று கேட்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வெளியூர்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, கோயிலுக்குப் போய், மலையோரம் நின்று கடலைப் பார்த்து, வழியில் கடலையும் மாங்காயும் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் நிலாவெளிக்கும் போகிறவர்கள். அவர்கள் ஒரு முறை பார்ப்பார்கள், திரும்பி வரமாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. கோட்டை வாயிலில் இணைக் கயல் பொறித்த கல்லும், குளக்கோட்டன் பெயரைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டும் சுவரோடு சேர்ந்து நிற்கின்றன. பள்ளியில் எல்லோரும் படித்த கல்வெட்டு அது. ஒருமுறை, வேறொரு வேலையாக அங்கே காத்திருந்த அரைமணி நேரத்தில், அந்த வாயிலால் போனவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஒருவர்கூட நின்று ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கோயிலுக்குப் போகிறவரின் கண் முன்னே இருக்கும் கோபுரத்தைத் தேடும். பக்கத்துச் சுவரைத் தேடாது. அத்தனை பழைய கல்லுக்குக் கிடைக்காத பார்வை நம் தாளுக்கும் துணிக்கும் கிடைக்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

நடைமுறைத் தடைகளும் இருக்கின்றன. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. அது பாதுகாக்கப்பட்ட தொல்பொருட் சின்னம் என்பதால், ஒரு கம்பம் நடுவதற்கும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அவர்களின் அனுமதி கிடைத்த பிறகு இராணுவத்தின் அனுமதி வேண்டும், கோயில் நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டும். இரு புறமும் கடல் என்பதால் உப்புக் காற்று எந்நேரமும் உண்டு. மான்களையும் மறக்கக் கூடாது. கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் புள்ளிமான்கள் ஆடுமாடுகளைப் போலத் திரிவதை வெளியூரார் வியந்து பார்ப்பார்கள். நமக்கு அவை வீட்டுப் பிராணிகள் மாதிரி. முன்பொரு நாள் மாணவர் சிலரை அழைத்துப்போய் அங்கே வரைய வைத்தபோது, மரத்தடியில் சாய்த்து வைத்திருந்த ஒரு பிள்ளையின் படத்தை ஒரு கிளைமான் முகர்ந்து பார்த்தது. பிறகு வலது கீழ் மூலையை, அந்தப் பிள்ளை தன் பெயரை எழுதியிருந்த இடத்தோடு சேர்த்து, நிதானமாக மென்று தின்றது. பிள்ளை அழவில்லை, மற்றப் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் படங்களையும் அதன் முன்னே நீட்டத் தொடங்கினார்கள்.

இந்தப் பேச்சோடு வேறு இரண்டு யோசனைகளும் எழுந்தன, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தர் காலத்துக் கட்டடத்தில் 2013இல் திறக்கப்பட்ட கடல்சார், கடற்படை வரலாற்று அருங்காட்சியகத்தின் தடித்த சுவர்களும் விறாந்தையும் படங்களுக்கு உகந்தவைதான். ஆனால் அது தனக்கென்று ஒரு கதை சொல்லும் இடம், அதற்குள் நாம் விருந்தாளிகளாகவே இருப்போம். சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களில் ஒன்றைக் கேட்கலாம் என்றார் இளைஞர் ஒருவர். ஆங்கிலேயர் கட்டி, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானியரின் வான்தாக்குதலையும் கண்ட அந்தக் குதங்களில் 99 இன்னும் நிற்கின்றன; கொச்சியில் 2012இல் தொடங்கிய பியனாலே என்னும் ஈராண்டுக் கலைவிழாவுக்குப் பழைய துறைமுகப் பண்டகசாலைகள் கிடைத்தது போல, நமக்கும் ஒன்று கிடைத்தால் எப்படியிருக்கும் என்று அவர் கேட்டபோது கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் கண் விரிந்தது. வெயிலில் நிற்கும் இரும்புக் குதத்துக்குள் மதியம் இரண்டு மணிக்கு யார் நிற்பார்கள் என்று நான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு நாள் யாராவது அதைச் செய்யத்தான் போகிறார்கள். இந்த மாதத்துக்கு அது ஆகாது.

உப்புவெளி விடுதிகளின் பலம் பணம். வைகாசியிலிருந்து புரட்டாதி வரையில் கடல் அமைதியாக இருக்கும் பருவத்தில் வெளிநாட்டவரும் கொழும்புக்காரரும் அங்கே நிறைந்திருப்பார்கள். வாங்கக் கூடியவர்கள் அவர்கள்தான் என்பதை மறுக்க முடியாது. ஆயினும் அங்கே விற்கும் படம் வேறு, நாம் வரைந்து வைத்திருக்கும் படம் வேறு. விமானத்தில் போகிறவர் கண்ணாடிச் சட்டமிட்ட படத்தைத் தூக்கிக்கொண்டு போகமாட்டார். சுருட்டிக் குழாய்க்குள் வைக்கக் கூடிய துணி ஓவியத்தையோ, புத்தகத்துக்கு நடுவே வைக்கக் கூடிய சிறு தாள் ஓவியத்தையோதான் வாங்குவார். ஆகவே விடுதிகளுக்குச் சிறிய, சட்டமிடாத படைப்புகளைத் தனியாகத் தெரிந்தெடுக்க வேண்டும். விடுதிக்காரரோடு எழுத்தில் உடன்பாடு செய்வதும் அவசியம்: விற்ற விலையில் விடுதிக்கு எவ்வளவு, பணம் எந்த நாளில் கைக்கு வரும், ஈரமோ தண்ணீரோ பட்டுச் சேதமானால் யார் பொறுப்பு என்பவற்றை முதலிலேயே பேசி எழுதாவிட்டால், மாத முடிவில் மனத்தாங்கலே மிஞ்சும். என் அளவுகோலின்படி பார்த்தால் விடுதி தோற்கிறது. இரண்டு இரவு தங்கிப் போகிறவர் படத்தை இரண்டு காலைகளில் பார்ப்பார், அவ்வளவுதான். நகரத்துப் பெண்மணி ஒருவர், ஒரு மாணவன், ஒரு மீனவர் அந்த வரவேற்பறைக்குள் படம் பார்ப்பதற்கென்று நுழைவார்களா என்பதையும் யோசிக்க வேண்டும். காவலாளி தடுக்கமாட்டார், நுழைகிறவரின் கால்தான் தயங்கும்.

கடைச் சுவர்களை நான் விரும்புவதற்கான காரணத்தை, நடந்த ஒன்றைச் சொல்லி விளக்குவது எளிது. சில காலத்துக்கு முன், நான் வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் சலூனில் ஒரு படத்தை மாட்ட அனுமதி கேட்டேன். கரைவலை இழுக்கும் காட்சி. என் பழைய மாணவர் ஒருவர் நீர்வண்ணத்தில் வரைந்தது. கடைக்காரர், "நாட்காட்டிக்குப் பக்கத்தில மாட்டுங்கோ சேர், ஆனா விழுந்தா நான் பொறுப்பில்லை" என்றார். முதற் கிழமை யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாம் கிழமை, சவரம் செய்துகொள்ள வரும் வயதான மீனவர் ஒருவர், கன்னத்தில் நுரையோடு கண்ணாடியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "மற்றக் கயிறு எங்க தம்பி?" என்று கேட்டாராம். படத்தில் ஆட்கள் எல்லோரும் ஒரே கயிற்றையே இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரைவலைக்கு இரண்டு கயிறு. இரண்டு பக்கத்தாரும் சமனாக இழுத்துக் கிட்டக் கிட்ட வந்தால்தான் மீன் சேரும் வலைமடி நேராகக் கரைக்கு வரும், ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் மடி கோணி மீன் வெளியேறிவிடும். கடைக்காரர் எனக்குச் சொன்னார், நான் வரைந்தவருக்குச் சொன்னேன். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, மற்றக் கயிற்றை இழுப்பவர்களை மட்டும் தனிப் படமாக வரைந்து, சலூனின் எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னார். மூன்றாம் கிழமை அந்த மீனவர் கதிரையில் உட்கார்ந்து, முன்னாலும் பின்னாலும் பார்த்து, "இப்ப சரி" என்றாராம். இரண்டு கயிற்றுக்கும் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு விமரிசகரை எந்த மண்டபத்துக்கு அழைத்து வருவது?

இரண்டாம் முறை என்று நான் சொன்னது இதைத்தான். சலூன், தையற்கடை, மருந்துக்கடை, தனியார் வைத்தியரின் முன்னறை, ரியூசன் வகுப்புகளின் வாசல், பொது நூலகத்தின் பத்திரிகைப் பகுதி, தேநீர்க் கடை: இவையெல்லாம் நகரத்து மக்கள் கிழமைக்கு ஒரு முறையாவது வந்து, வேறு வேலை இல்லாமல், பத்து நிமிடமோ அரைமணியோ காத்திருக்கும் இடங்கள். காத்திருப்பவரின் கண்ணுக்கு எப்போதும் ஒரு சுவர் தேவைப்படுகிறது. இப்போது அந்தச் சுவரில் மருந்துக் கம்பனியின் விளம்பரமும் போன வருடத்து நாட்காட்டியும் தொங்குகின்றன. பெரும்பாலானோர் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார்கள் என்பதும் உண்மையே. என்றாலும் ஒரு மாதத்தில் நான்கு முறை வருகிறவர் நான்கு முறையும் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கமாட்டார்.

இந்த வழியின் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கௌரவக் குறைவாக இருக்கிறது என்று எங்களில் மூத்த ஓவியர் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். நாற்பது வருடம் வரைந்தவனின் படத்தைப் பேதிமருந்து விளம்பரத்துக்குப் பக்கத்தில் மாட்டுவதா என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. தேநீர்க் கடையில் எண்ணெய்ப் புகை படும். அங்கே கண்ணாடியிட்ட படம் தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது. சிற்பங்களைக் கடைகளில் வைக்கவே முடியாது. இடம் இல்லை, பிள்ளைகள் தட்டிவிடுவார்கள். களவு பற்றியும் கேட்டார்கள். கடைக்காரர் நாள் முழுவதும் எதிரே நிற்கும் சுவரிலிருந்து படம் களவு போவது, இரவில் பூட்டிய மண்டபத்திலிருந்து போவதைவிட எளிதல்ல என்பது என் எண்ணம். ஆனால் உறுதி தர முடியாது. உருவப் படங்களைத் தம் கடையில் வைக்க விரும்பாத முஸ்லிம் வர்த்தகர்கள் இருப்பார்கள். அசைவ உணவுக் கடையில் தெய்வப் படத்தை வைக்க ஓவியரே விரும்பமாட்டார். ஆகவே எந்தக் கடைக்கு எந்தப் படம் என்பதை நாம் தீர்மானிக்காமல், படங்களின் அச்சுப் பிரதிகளைக் கொண்டுபோய்க் காட்டிக் கடைக்காரரையே தெரிந்தெடுக்கச் சொல்ல வேண்டும். தான் தெரிந்தெடுத்த படத்தைப் பற்றி அவர் வருகிறவர்களிடம் பேசுவார். நம் விளக்கக் குறிப்பைவிட அது நன்றாக வேலை செய்யும். குறிப்புகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுத வேண்டும் என்பதில் எவருக்கும் மாறுபாடு இல்லை. விலையையும் அதிலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் கட்சி. கேட்கக் கூச்சப்படுகிறவர் இந்த ஊரில் அதிகம்.

மாட்டும் முறையும் வேறுபடும். மண்டபத்தில் நின்று பார்ப்பதால் படத்தின் நடுப்பகுதி நிலத்திலிருந்து 150 சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் போதும். சலூனிலும் வைத்தியர் முன்னறையிலும் உட்கார்ந்து பார்ப்பதால் அதை 120 சென்ரிமீற்றருக்கு இறக்க வேண்டும். சலூனில் பெரும்பாலானோர் படத்தைக் கண்ணாடியில்தான் பார்ப்பார்கள். எழுத்து உள்ள படம் அங்கே இடவலம் மாறித் தெரியும், ஆகவே அதைத் தவிர்த்துக் குறிப்புத் தாளைக் கண்ணாடிப் பக்கத்தில் ஒட்ட வேண்டும். பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தால் கைப்பிடி மண்ணாகக் கொட்டும். மேலே ஒரு மரச் சட்டத்தை மட்டும் பொருத்தி, அதிலிருந்து மீன்பிடிக்கும் நைலோன் இழையான தங்கூசியால் தொங்கவிடுவதே நல்லது. தங்கூசி கண்ணுக்குத் தெரியாது, துருப்பிடிக்காது, இந்த ஊரில் எந்தச் சந்தியிலும் கிடைக்கும். சட்டத்தின் கீழ் மூலைகளில் போத்தல் மூடித் தக்கையை வெட்டி ஒட்டிவிட்டால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும். சுவரின் ஈரம் தாளுக்கு வராது. நேர் வெயில் படும் சுவரை எந்தக் கடையிலும் எடுக்கக் கூடாது. அலிசரின் போன்ற சிவப்பு வண்ணங்களே முதலில் வெளுக்கும்.

எந்த மாதம் என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். பங்குனியில் பத்திரகாளி அம்மனுக்கும் கோணேசருக்கும் திருவிழா, பின்னாலேயே புத்தாண்டு. ஊரில் சனம் நிறையும், ஆகவே அதுவே பொருத்தம் என்று சிலர் வாதிட்டார்கள். அந்த நாட்களில் கடைக்காரர் கூரைவரை சாமான் அடுக்கியிருப்பார். சுவர் கேட்டால் சிரிப்பார். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை, ஆண்டு மழையின் பெரும்பகுதி பெய்யும் காலத்தில், தாள் ஓவியத்தை வெளியே எடுப்பது என்ன பலனைத் தரும் என்பதை மேலே சொல்லியிருக்கிறேன். ஆனியும் ஆடியும் எஞ்சுகின்றன. அப்போது வீசும் கச்சான் காற்றை எல்லோரும் திட்டுவோம். உதடு வெடிக்கும், முற்றத்து மண் அடுக்களைக்குள் வரும். ஆனால் மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வறண்டு வரும் அந்த மேல்காற்றினால் காற்றின் ஈரப்பதன் குறைந்து, தாள் உப்பாமல் தட்டையாக நிற்கும். உப்புவெளியில் பயணிகள் இருக்கும் பருவமும் அதுவே. ஆகவே ஆனி நடுப்பகுதியிலிருந்து ஆடி நடுப்பகுதிவரை என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

கிழமைக்கு ஒரு முறை படங்களை மாற்றி மாட்ட வேண்டும், அப்போதுதான் புதுமை இருக்கும் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கிழமைக்கொரு படம் மாறியிருந்தால் அந்த மீனவர் மற்றக் கயிற்றைக் கேட்டிருக்கவே மாட்டார். கேட்டிருந்தாலும் பதில் வந்த நேரத்தில் படம் வேறு கடைக்குப் போயிருக்கும். மாதத்தின் நடுவில், பதினைந்தாம் நாள், ஒரே ஒரு முறை எல்லாப் படங்களையும் அடுத்த கடைக்கு நகர்த்தினால் போதும்.

இவற்றையெல்லாம் வைத்து நான் கொடுத்திருக்கும் பரிந்துரை இது. 80 படைப்புகளில் சிற்பங்களும் பெரிய துணி ஓவியங்களுமாகப் பத்து, கடைக்கு ஒவ்வாதவை. சிறிய, சட்டமிடாத 14 படைப்புகள் உப்புவெளி விடுதிகளுக்குப் போகட்டும். பணம் தேவைப்படுகிறவர்களின் படங்களுக்கு அங்கே முதலிடம் தரலாம். எஞ்சிய 56, என்.சி. வீதியிலும் மத்திய வீதியிலும் அவற்றின் குறுக்குத் தெருக்களிலும், நூலகத்தோடு சேர்த்து, 14 இடங்களில், இடத்துக்கு நான்காக. மண்டபத்தை நான் அடியோடு விடவில்லை. ஆனால் வழக்கத்துக்கு மாறாக அதைத் தொடக்கத்தில் வைக்காமல் முடிவில், கடைசி மூன்று நாட்களுக்கு மட்டும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். கடையில் ஒருவரின் ஒரு படத்தை இரண்டு கிழமை பார்த்துப் பழகியவருக்கு, அந்த ஆள் வேறு என்ன வரைந்திருக்கிறார் என்று பார்க்கும் ஆசை அப்போதுதான் வந்திருக்கும். அவரை மண்டபத்துக்கு வரச் செய்ய அழைப்பிதழ் தேவையில்லை. அந்தப் பத்துப் பெரிய படைப்புகளும் மற்றவற்றோடு அங்கே முதன்முதலாக வெளிவரும். மூன்று நாட்களுக்கு மட்டும் என்பதால் பலகைத் தடுப்புகளை வாடகைக்கு எடுத்தாலே போதும். கௌரவம் பற்றிக் கேட்ட மூத்த ஓவியருக்கும் இதில் பாதிச் சம்மதம் உண்டு. மீதிப் பாதிக்கு, தன் படத்தை நூலகத்தில் மட்டுமே மாட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். கொடுத்துவிடலாம்.

வருகிற கூட்டத்தில் இதை ஏற்றுக்கொண்டால், மாட்டும் வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கும். படத்துக்கு இரண்டு என்ற கணக்கில் 112 கொளுக்கிகள் வேண்டும். எல்லாம் பித்தளை, இந்த முறையும் வாங்கப் போகிறவன் நான்தான்.